மெழுகில் முறுக்கிய ஆறு போல்ட்

நீர் கோவளத்துப் பாறைக்குப் பக்கத்தில் தலையில் அடிபட்டுச் செத்து ஏழு மாதம் ஆகிறது. உம்மைக் கொன்றது நான் விற்ற போல்ட் அல்ல என்பது முந்தாநாள் மத்தியானம்தான் எனக்குத் தெரிந்தது. தெரிந்த நேரத்திலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீர் கடைசியாகக் கடலில் ஓட்டிய அந்த வண்டி இப்போது ஆரியசாலையில் என் சரக்குக் கிட்டங்கியில் கிடக்கிறது. வெளியே கர்க்கடக மாதத்து மழை. ஈரச் சாக்கு நாற்றத்துக்கு நடுவே உப்பும் பெட்ரோலும் கலந்த ஒரு வாடை அதிலிருந்து எழுந்து வருகிறது. அன்றைக்கு உம்மைத் தூக்கிக் காரில் போட்டபோது உம்முடைய சட்டையில் வந்த அதே வாடை. கதவைச் சாத்தினாலும் கடை வரைக்கும் வருகிறது.

கடிதம் எழுதிப் பழகியவன் இல்லை நான். 'சரக்கு வந்து சேர்ந்தது, மீதியை அனுப்பவும்' என்பதற்கு மேல் ஒரு தபால் கார்டில் எழுதியதில்லை. இதை எந்தப் பெட்டியில் போடுவது என்றும் தெரியாது. ஆனால் உம்மிடம் சொல்லாமல் இதை வேறு யாரிடம் சொல்ல?

நாம் சேர்ந்ததே ஒரு போல்ட்டில்தான். சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வந்து, கட்டட வேலை நடக்கிற இடங்களில் பழைய ஆணி பொறுக்கி, கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தி, சாலைக் கடைவீதியில் சாக்கு விரித்து விற்றவன் நான். அதிலிருந்து ஏறி ஆரியசாலையில் ஒரே அறை உள்ள ஒற்றை முறிக் கடை எடுத்த வருஷம் நீர் வந்தீர். குளச்சல்காரர், கரமனையில் ஒரு லேத் பட்டறையில் ஃபிட்டர். முக்கால் அங்குல போல்ட் ஒன்று கேட்டீர். நான் வழக்கம்போல, "இது சீமைச் சரக்கு" என்றேன். நீர் நகத்தால் மரைப் புரியைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, "பொய்யைக் கழிச்சிட்டு விலையைச் சொல்லும் ஓய்" என்றீர். கழித்துச் சொன்னேன். வாங்கிக்கொண்டு போனீர். மறுநாளும் வந்தீர். பத்தொன்பது வருஷம் வந்தீர்.

அத்தனை வருஷத்தில் நமக்குள் ஒரு சண்டை கிடையாது. அது என்னுடைய சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேன்.

போன ஓணம் கழிந்து ஓர் ஏலத்தில் நான் இரண்டு மூட்டை எடுத்தது உமக்கு நினைவிருக்கும். ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் நட்டும் என்று நினைத்து மூட்டைக் கணக்கில் எடுத்தது. கடைக்குக் கொண்டுவந்து தராசில் ஏற்றினால் மூட்டை நிறைந்திருக்கிறது, எடை பாதிக்குக் கொஞ்சம்தான் மேலே நிற்கிறது. நம் தெருவில் போல்ட்டை யார் எண்ணி விற்கிறார்கள்? நிறுத்துத்தான் விற்கிறோம். எடை குறைந்தால் ஏமாந்தோம் என்று அர்த்தம். ஏலம் விட்டவன் வீட்டு வாசலில் போய்ச் சத்தம் போடக் கிளம்பிவிட்டேன். நல்லவேளையாக நீர் வந்தீர். ஒரு போல்ட்டை உள்ளங்கையில் போட்டுக் குலுக்கினீர். பக்கத்துப் பட்டறைச் சாணையில் கொண்டுபோய் வைத்தீர். மஞ்சளாகப் பறக்க வேண்டிய பொறி வெள்ளை வெளேரென்று பறந்தது, வாணம் விட்டது போல.

"ஓய், உம்மை ஏமாத்தினவன் உமக்கு லாட்டரி குடுத்திருக்கான். இது டைட்டானியமாக்கும். ஆகாசத்துக்கு அனுப்புற சாமானம்."

"துரு ஏறுமா?"

"கடல்ல கொண்டு தாழ்த்தினாலும் ஏறாது. ஆனா இதுக்கு ஒரு குணம் உண்டு, கேட்டுக்கிடும்."

"குணம் கிடக்கட்டும். கிலோ என்ன விலைக்குப் போகும்?"

"கிலோவா? இதை நிறுத்து வித்தா நீரு பிச்சைதான் எடுப்பீரு. எண்ணி வில்லும்."

அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் எதிர்க்கடைப் புளி வியாபாரி எழுந்து வந்து என்ன என்று கேட்டார். அந்தக் குணத்தை நீர் சொன்னதும் அன்றைக்குத்தான். வெறும் மரையில் முறுக்கினால் போல்ட்டும் நட்டும் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். ஸ்பானர் இறுகிவிட்டதாகக் கைக்குத் தோன்றும். உள்ளே ஒன்றும் பிடித்திருக்காது. "போல்ட்டு கைகிட்டயே பொய் சொல்லும், ஓய். உம்ம ஜாதியாக்கும்" என்றீர். அதற்கும் நான் சிரித்தேன்.

பிறகு மோகனன் வந்தான். கல்ஃபிலிருந்து திரும்பியபோது அவன் கொண்டுவந்த வாட்டர் ஸ்கூட்டரைக் கோவளத்தில் வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தான். உட்காரச் சீட் இல்லாத வண்டி. படகு மாதிரி ஒரு தொட்டி, அதன் மூக்கில் ஒரு வார்ப்பு பிராக்கெட்டில் பூட்டிய, மேலும் கீழும் அசைகிற ஒரு நீளத் தண்டு, தண்டின் முனையில் கைப்பிடி. தொட்டியில் நின்றுகொண்டு அந்தத் தண்டைப் பிடித்தபடியே ஓட்ட வேண்டும். கம்பெனி போட்டு அனுப்பிய போல்ட்டெல்லாம் உப்பில் அரித்துப் போய், இங்கே வாங்கிப் போட்டதும் வாரத்துக்கு ஒன்றாக ஒடிந்துகொண்டிருந்தது. "ஒரு ஆழ்ச்ச கூட நிக்கில்ல அண்ணாச்சி. கிறிஸ்மஸ் சீசன் போச்சு" என்று கடையில் வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்தான்.

எனக்குக் கணக்கு ஓடியது. இந்த ஒரு வண்டியில் நம் போல்ட் நின்றுவிட்டால் போதும், விழிஞ்ஞத்தில் மோட்டார் மாட்டிய வள்ளக்காரர்கள் எல்லாரும் ஆரியசாலைக்கு வருவார்கள். இரண்டு மூட்டையும் ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும். அவனிடம் சொன்னேன்: எல்லா போல்ட்டையும் மாற்றித் தருகிறோம், ஆயுசுக்கும் துரு ஏறாது, கிறிஸ்துமஸுக்கு முன்னால் வண்டி கடலில் இருக்கும். உம்மைக் கேட்காமல் உம் வேலைக்கு நாள் குறித்தேன்.

நீர் முறுமுறுத்துக்கொண்டே எடுத்தீர். எட்டு மில்லி தடிமன், மரைக்கு மரை ஒன்றேகால் பிச்சு, அளவு சரியாகத்தான் இருந்தது. நீளம் மட்டும் கூடுதல். உம் வீட்டுப் பின்புறத் தகரக் கொட்டகையில் அந்தப் பழைய லேத்தில் ஒவ்வொன்றாக வைத்து வெட்டினீர். உளி மழுங்கிக்கொண்டே இருந்தது. ஒரு தரம் கீழே குவிந்த சுருள் தீப்பற்றி வெள்ளையாக எரிந்து, நான் தண்ணீர் வாளியைத் தூக்க, "தண்ணி ஊத்தாதீரும், மண்ணு, மண்ணு" என்று நீர் காலாலேயே மண்ணைத் தள்ளினீர். உம்முடைய வீட்டுக்காரி ஸ்டெல்லா அடுக்களை வாசலில் நின்று, "அண்ணாச்சி வந்தாலே இங்க ஏதாவது கத்தி எரியும்" என்றாள்.

அப்போதுதான் நீர் உம் நிபந்தனையைச் சொன்னீர். மரை கடித்துக்கொள்ளாமல் இருக்கச் செம்புத்தூள் கலந்த கிரீஸ் வேண்டும். கொச்சியில் கிடைக்கும். "அது இல்லாம மூக்குத்தண்டு பிராக்கெட்டுல ஒரு போல்ட்டும் நான் தொடமாட்டேன். ஆள் நிக்கதே அதுலதான்."

கொச்சிக்கு டிரங்கால் போட்டேன். சரக்கு தீர்ந்துவிட்டது, பத்து நாள் ஆகும் என்றார்கள். பத்து நாளில் கிறிஸ்துமஸ் போய்விடும்.

இனி எழுதப்போவதை உம்மிடம் நான் சொன்னதில்லை. யாரிடமும் சொன்னதில்லை.

சாலையில் பெயின்ட் கடைக்குப் போய், படச்சட்டத்துக்கு அடிக்கிற பொன்னிறப் பொடி ஒரு பொட்டலம் வாங்கினேன். லாரிச் சக்கரத்துக்கு வைக்கிற சாதா கிரீஸில் அதைப் போட்டு, ஒரு பழைய டப்பாவில் குச்சியால் கிண்டினேன். பார்க்க அசல் செம்பு கிரீஸ் மாதிரியே பளபளத்தது. திங்கட்கிழமை காலை அதைக் கொண்டுவந்து உம் லேத் மேல் வைத்து, "கொச்சிச் சரக்கு. பஸ்ஸில் வந்தது" என்றேன். நீர் மூடியைத் திறந்து பார்த்தீர். "நல்ல மினுக்கம்" என்றீர். மூடி வைத்தீர். அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை மாலைக்குள் பிராக்கெட்டைப் பூட்டி முடித்துவிட்டீர்.

புதன்கிழமை மோகனன் கடைக்கு வந்தான். முகமே சரியில்லை. "அண்ணாச்சி, ஒரு காரியம் உண்டு. கோபப்படக் கூடாது. போன மாசம் ஒரு வெள்ளைக்காரச் சாயிப்பு அதைக் கொண்டுபோய் லைட்ஹவுஸ் பாறையில் இடிச்சான். மூக்கு நேரே இடிச்சது. ஒண்ணும் ஆகல்லன்னுதான் நான் சொல்லாம விட்டேன்." நான் ஃபிட்டர் இல்லை. ஆனால் பழைய இரும்பு வாங்கி விற்றவனுக்கு ஒன்று தெரியும். வார்ப்பில் அடி விழுந்தால் வெளியே காட்டாது, உள்ளே முடியளவு கோடு ஓடும்.

கடையைப் பாதியில் விட்டு ஆட்டோ பிடித்துக் கரமனைக்கு வந்தேன். நீர் கை கழுவிக்கொண்டிருந்தீர்.

"வேய், அந்த பிராக்கெட்டைக் கழற்றிப் பாரும். வண்டி பாறையில இடிச்சிருக்காம். உள்ள கீறல் இருக்கும்."

"பூட்டியாச்சே."

"பூட்டினா என்ன? கழற்றும். கீறல் இருந்தா இதை ஓட்டவே வேண்டாம். கொச்சியில ஒரு ஆளுகிட்ட புது பிராக்கெட் இருக்கு, நான் வரவழைச்சுத் தாறேன்."

நீர் துண்டில் கையைத் துடைத்தபடி என்னைப் பார்த்தீர். ரொம்ப நேரம் பார்த்ததாக இப்போது தோன்றுகிறது. பிறகு சிரித்துவிட்டு, "கொச்சியா? முந்தாநாள் கிரீஸ், இன்னைக்கு பிராக்கெட்டா? உம்ம கச்சவடம், உம்ம யாவாரப் புத்தி எனக்குத் தெரியாதா ஓய்? போய்க் கடையைப் பாரும்" என்றீர்.

நானும் சிரித்துவிட்டேன். அதுதான் ஆறாத புண். உம் கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். 'புது பிராக்கெட் நான் வரவழைத்துத் தருகிறேன்' என்ற அந்த ஒரு வரியையாவது விழுங்கியிருக்கலாம். உயிர் போகிற காரியத்தைச் சொல்ல வந்த இடத்திலும் என் நாக்கு தானாகப் போய் ஒரு சரக்கை விற்கப் பார்த்தது. 'அவர் ஃபிட்டர், அவருக்குத் தெரியாததா' என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டு திரும்பினேன். வண்டியைக் கடலில் இறக்குவதற்குள் நீர் எப்படியும் ஒரு தடவை கழற்றிப் பார்ப்பீர் என்றும் நினைத்துக்கொண்டேன். கழற்றினால் என் கிரீஸ் உம் கண்ணில் படுமே என்ற பயமும், பொய் சொல்லவில்லை, உள்ளுக்குள் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை. கடல் எண்ணெய் ஊற்றினாற்போல் கிடந்தது. மோகனன் தான் ஓட்டிப் பார்ப்பதாகச் சொன்னான். நீர் விடவில்லை. "முறுக்கினவன்தான் முதல்ல ஏறணும். இல்லேன்னா முறுக்கப்படாது" என்றீர். எந்த வேலைக்கும் உமக்கு அது சட்டம். மாடிக்கு ஏற்றுகிற சங்கிலிக் கப்பியானாலும் நீர் தொங்கிப் பார்த்த பிறகுதான் சாமான் தொங்கும். லுங்கியை அவிழ்த்து மடித்து, அதன் மேல் மூக்குக்கண்ணாடியை வைத்து என் கையில் கொடுத்தீர். சட்டையும் காக்கி அரை நிக்கருமாகத் தண்ணீரில் இறங்கினீர்.

முதல் சுற்று போய் வந்தீர். இரண்டாவது சுற்றில் எழுந்து நேராக நின்று ஒரு கையைத் தூக்கிக் காட்டினீர். மணலில் கிடந்த வெள்ளைக்காரி ஒருத்தி கை தட்டினாள். ஐம்பது வயது ஆள் அப்படி நின்று வருவதைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. என் போல்ட், என் ஆள் என்று நினைத்தேன். மூன்றாவது சுற்றில் லைட்ஹவுஸ் பக்கம் திருப்புவதற்காகத் தண்டை இழுத்தீர். தண்டு உம் கையோடு வந்தது. வண்டி ஒரு பக்கம் போக, நீர் ஒரு பக்கம் போனீர். பாறைக்கு அப்பால் என்ன நடந்தது என்று கரையிலிருந்து தெரியவில்லை. கட்டுமரக்காரர் இரண்டு பேர் உம்மைக் கொண்டுவந்தபோது காதிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. காரில் என் மடியில் தலை. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. கண்ணாடி என் கையிலேயே இருந்தது.

போலீஸ்காரர்கள் விபத்து என்று எழுதிக்கொண்டார்கள். போல்ட்டை யாரும் பார்க்கவில்லை. மோகனன் வண்டியை ஓலைக் கொட்டகையில் போட்டுத் தார்ப்பாயால் மூடினான். நானும் பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடும். கிரீஸ் பொய், மரை கடித்துக்கொண்டது, கைக்கு இறுகியதாகத் தோன்றியது, உள்ளே பிடிக்கவில்லை. இது இப்படித்தான் நடந்திருக்கும் என்று ஏழு மாதமாகத் தினமும் ஒரு தடவை மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் படுத்தேன். மூட்டைகளைக் கிட்டங்கி மூலையில் திருப்பிப் போட்டேன். கேட்டு வந்த இரண்டு வள்ளக்காரரிடம் தீர்ந்துவிட்டது என்றேன்.

ஒவ்வொரு மாதமும் உம் வீட்டுக்கு அரிசி கொண்டுபோனேன். ஸ்டெல்லா வாங்கிக்கொள்வாள். பால் விடாத கட்டன் சாயா போட்டுத் தருவாள். உம் பெண்கள் இரண்டு பேரும் நல்லபடியாகப் படிக்கிறார்கள் என்று சொல்வாள். "அண்ணாச்சி, மழையில நனையாதீங்க" என்பாள். அந்த 'அண்ணாச்சி'யைக் கேட்டுவிட்டுத் தெருமுனை வரைக்கும் நடப்பது எனக்குக் கிள்ளியாற்றில் கழுத்தளவு இறங்கி நடப்பது போல இருக்கும்.

முந்தாநாள் மோகனன் ஆளனுப்பினான். மழையில் கொட்டகை விழப்போகிறது, வண்டியைப் பழைய சாமான் விலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று. டெம்போவில் ஏற்றிக் கொண்டுவந்து, வேலையாட்களைச் சாப்பிட அனுப்பிவிட்டுக் கிட்டங்கிக் கதவைச் சாத்தினேன். பதின்மூன்றாம் நம்பர் ஸ்பானரை எடுத்தேன். ஆறு போல்ட். முதல் போல்ட் அசையாது, கடித்துப் பிடித்திருக்கும் என்று முழு பலத்தையும் கொடுத்து இழுத்தேன். அது முறையாக ஒரு இழுப்புக்கு நின்று, பிறகு வழுக்கிக்கொண்டு சுழன்றது. இரண்டாவதும் அப்படியே. ஆறும் அப்படியே. ஒரே அளவு இறுக்கம், ஒன்றுக்கொன்று நூல் பிசகவில்லை. மரையில் பொன்னிறமே இல்லை. வெள்ளையாக, சுருள் சுருளாக மெழுகு வந்தது.

பிராக்கெட்டைத் திருப்பினேன். அது குறுக்கே இரண்டாக ஒடிந்திருந்தது. ஒடிந்த முகத்தில் முக்கால் பங்கு கறுத்து, எண்ணெய் அழுக்கு ஊறிப் போயிருந்தது. கால் பங்குதான் புது ஒடிவு. பழைய உலோகம் வாங்குகிறவனுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டாம். பாறையில் இடித்த அன்றைக்கே முக்கால் பங்கு போய்விட்டிருந்தது. மிச்சம் இருந்த காலில்தான் நீர் நின்றீர்.

ஒரு நிமிஷம், மறைக்க மாட்டேன், சந்தோஷப்பட்டேன். ஆறு போல்ட்டையும் கையில் வைத்துக்கொண்டு அந்த ஈரத் தரையில் உட்கார்ந்து, நான் இல்லை, நான் இல்லை என்று வாய்விட்டுச் சொன்னேன்.

அப்புறம்தான் கேள்வி வந்தது. என் கிரீஸ் எங்கே?

நேற்றுக் காலை கரமனைக்குப் போனேன். அரிசி கொண்டுபோகவில்லை. ஸ்டெல்லா தையல் மெஷினில் இருந்தாள்.

"தங்கச்சி, ஒரு விஷயம் சொல்லணும்."

"இரிங்க."

"நான் அன்னைக்குக் கொடுத்த கிரீஸ்..."

அவள் மெஷினை நிறுத்தவில்லை. தையலை முடித்து, நூலைப் பல்லால் அறுத்து, எழுந்து போனாள். கட்டிலுக்கு அடியிலிருந்து உம் கருவிப் பெட்டியை இழுத்தாள். ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து என் முன்னால் பிரித்து வைத்தாள். உள்ளே என் டப்பா. சுற்றியிருந்த பழைய பத்திரிகைக் காகிதத்தில் ஒரு விரல் தேய்ப்பு. எண்ணெய் பரவிய வட்டத்துக்கு நடுவே பொன்னிறப் பொடி தனியாகப் பிரிந்து நின்றது. கிரீஸைக் காகிதத்தில் தேய்த்துப் பார்ப்பது உம் வழக்கம் என்பதை எப்படி மறந்தேன்?

"நீங்க போய் பத்து நிமிஷம் இல்ல," என்றாள். "தேச்சுப் பார்த்தாரு. என்னைக் கூப்பிட்டுக் காட்டினாரு. 'பாருடி, நம்ம ஆளு படச்சட்டப் பொடியைக் கிண்டிக் கொண்டாந்திருக்கான்'னு."

"கோபப்பட்டாரா?"

"சிரிச்சாரு. கோயில்ல மிச்சம் வந்த மெழுகுவர்த்தி இருக்கான்னு கேட்டாரு. அடுப்புல உருக்கிக் குடுத்தது நான்தான். ஒவ்வொரு மரையா முக்கி எடுத்தாரு. மெழுகும் நல்லாப் பிடிக்கும்னாரு."

"என்கிட்ட ஏன் கேக்கல்ல?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'எதுக்கு? ரெண்டு பேருக்கும் சங்கடம். அவன் பொய்க்கு இடம் விட்டுத்தான் நான் எப்பவும் வேலை பார்க்கது'ன்னாரு."

லேத்தில் பிடிக்கிற இரும்புக்கு நீர் அளவில் கொஞ்சம் கூட விட்டு வைப்பீர், கடைசியில் சீவிக்கொள்ளலாம் என்று. பத்தொன்பது வருஷம் எனக்கும் அப்படி விட்டு வைத்திருந்தீர். நமக்குள் சண்டை வராதது அதனால்தான்.

அந்த டப்பாவை மூடிவிட்டுக் கேட்டேன். "புதன்கிழமை நான் ஓடி வந்தேனே. பிராக்கெட்டைக் கழற்றச் சொன்னேனே. அதைப் பத்தி..."

ஸ்டெல்லா முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"சொன்னாரு. சாப்பிட உக்காந்தப்ப சொன்னாரு. 'ஆளு அடுத்த கச்சவடம் தொடங்கியாச்சு, இப்ப பிராக்கெட்டு விக்க வந்திருக்கான்'னு. நானும் சிரிச்சேன் மொதலாளி. அவருகூட சேர்ந்து நானும் சிரிச்சேன்."

மொதலாளி என்றாள். பத்தொன்பது வருஷத்து அண்ணாச்சி அங்கே முடிந்தது.

"ஏழு மாசமா இதைத் தெரிஞ்சு வச்சுக்கிட்டேயா சாயா தந்தே?"

"அரிசி வேணும்லா. பிள்ளைங்க சாப்பிடணும். பின்ன, நீங்களா வந்து சொல்லுறீங்களான்னு பார்த்தேன். வண்டியை நீங்க எடுத்துக்கிட்டதை மோகனன் சொன்னான். அதைக் கழற்றி, போல்ட்டு மேல குத்தம் இல்லன்னு தெரிஞ்ச பொறவுதான் சொல்ல வந்திருக்கீங்க."

அவள் சொன்னது நிறுத்து வைத்தாற்போல் சரி. போல்ட் கடித்திருந்தால் நான் போயிருக்க மாட்டேன். அரிசியோடு நிறுத்தியிருப்பேன்.

ஓய், உம்மை என் பொய் கொல்லவில்லை. அதை நீர் மெழுகை வைத்துச் சரிசெய்துவிட்டீர். நான் சொன்ன ஒரே நிஜத்தைத்தான் உம்மால் வாங்க முடியவில்லை. வாங்க முடியாதபடி நான் பத்தொன்பது வருஷம் பழக்கி வைத்திருந்தேன். என் பொய்யைக் கழித்துக் கழித்துப் பழகிய மனுஷன், அன்றைக்கு என் நிஜத்தையும் சேர்த்துக் கழித்துவிட்டீர். இதை நான் யாரிடம் கொண்டுபோய்த் தள்ள முடியும்? கறளும் துருவும் பிடித்த சரக்குக்கும் ஒரு விலை சொல்லி இறக்கிவிடுகிறவன் நான். இதை எடுக்க ஆள் கிடையாது. ஒரு வாடிக்கைக்காரரிடம் "இது நல்ல போல்ட்" என்று வாயெடுக்கும்போதே, துண்டில் கை துடைத்தபடி நீர் பார்த்த பார்வை முன்னால் வந்து நிற்கிறது. நேற்று மத்தியானம் ஒருவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல், தலைவலி என்று சொல்லி உள்ளே போய்விட்டேன். உண்மையைச் சொன்னாலும் அது என் வாயிலிருந்துதானே வருகிறது?

எழுந்து வரும்போது ஸ்டெல்லாவிடம் கேட்டேன். "நான் என்ன செய்யணும்? சொல்லு. எதுவானாலும் செய்யறேன்."

"எதுவானாலும்னு சொல்லாதீங்க. அதுவும் ஒரு கச்சவடப் பேச்சுதான்."

பிறகு தையல் மெஷினை மூடி வைத்தாள். அழவில்லை. சாமான் வாங்க வந்தவள் கடையை அளக்கிற மாதிரி என்னை அளந்தாள்.

"இவருகூட இருபது வருஷம் இந்தக் கொட்டகையில இருந்திருக்கேன். எது சீமை, எது கோயம்புத்தூர், எது உருக்கி வார்த்த கழிவுன்னு எனக்குத் தெரியும். அரிசி இனி வேண்டாம். வேலை குடுங்க."

பேரம் பேசவில்லை நான். அவள் சொன்னாள், நான் ஒத்துக்கொண்டேன். நாளை திங்கட்கிழமை தொடங்குகிறது. காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை. மாதம் நானூற்றைம்பது ரூபாய். ஞாயிறும் மாதா திருநாளும் லீவு. கல்லா என்னுடையது, கவுண்டர் அவளுடையது. எந்தச் சரக்கு ஆனாலும் அது என்ன சரக்கு என்று வாங்க வந்தவரிடம் சொல்வது அவள். அவள் சொல்லும்போது நான் வாய் திறக்கக் கூடாது. ஒரு தடவை திறந்தாலும் அன்றோடு அவள் எழுந்து போய்விடுவாள், ஏன் போகிறாள் என்பதை ஆரியசாலை முழுக்கச் சொல்லிவிட்டுப் போவாள்.